ஏ.சி. பெல்ட்டைக் கழற்றுவது சிக்கனமாகாது



பருப்பு விலை, எண்ணெய் விலை, ஜி.எஸ்.டி. கணக்கு என்று நமக்குள் பேசிக்கொள்ள எவ்வளவோ இருக்கும்போது, லாரி ஏ.சி.யின் சத்தத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் கேட்கலாம். நம்மில் சொந்தமாக லாரி வைத்திருப்பவர்கள் சிலர்தாம். ஆனால் லாரியை நம்பிக் கடை நடத்துபவர்கள் நாம் எல்லோருமே. விருதுநகர்ப் பருப்பும், ஈரோட்டு மஞ்சளும், குண்டூர் மிளகாயும் ஒரு ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் அமர்ந்துதான் நம் கடை வாசலுக்கு வருகின்றன. அந்த ஓட்டுநர் உட்காரும் கேபினில் ஏற்படும் கோளாறு கடைசியில் நம் சரக்கிலோ வாடகையிலோதான் வந்து விடியும். ஆகவே இது நம் விஷயம்தான்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. 2025 அக்டோபர் 1ஆம் தேதி முதல் தயாரிக்கப்படும் என்2, என்3 வகைச் சரக்கு வாகனங்களின் கேபினில் குளிர்சாதன அமைப்பு கட்டாயம் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பாரத்தோடு சேர்ந்த மொத்த எடை 3.5 டன்னுக்கு மேல் 12 டன் வரை இருந்தால் என்2. அதற்கும் மேலே போனால் என்3. நாம் ‘குட்டி யானை’ என்று அழைக்கும் சிறு வண்டிகள் இதில் வரமாட்டா. முன்பே ஓடிக்கொண்டிருக்கும் பழைய லாரிகளுக்கும் கட்டாயம் இல்லை. இருந்தாலும் பழைய லாரிக்கு வெளியில் ஏ.சி. வாங்கிப் பொருத்திக்கொள்பவர்களும் நம்மிடையே உண்டு.

சட்டம் வந்துவிட்டது, ஏ.சி.யும் வந்துவிட்டது. அதோடு ஒரு புதுப் பழக்கமும் தலைகாட்டுகிறது. ஏ.சி. போட்டால் கேபின் அதிர்கிறது, பெல்ட் கத்துகிறது, எங்கோ ‘கடகட’ என்கிறது என்று ஓட்டுநர் வந்து சொல்கிறார். முதலாளி ஒரு கணம் யோசித்துவிட்டு, “அப்படியென்றால் போடாதே. பெல்ட்டைக் கழற்றி வைத்துவிடு. டீசலும் மிச்சம்” என்று சொல்லிவிடுகிறார். சத்தமும் நின்றுவிடுகிறது. செலவில்லாமல் வேலை முடிந்தது என்று இருவருமே திருப்தி அடைகிறார்கள்.

இது சரியான வழி அன்று என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சத்தம் என்பது இயந்திரம் நமக்கு முன்கூட்டியே அனுப்பும் தகவல். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஒரு போல்ட்டிலோ, ஒரு ரப்பரிலோ, ஒரு பெல்ட்டிலோ முடிந்துவிடும். கண்டுபிடிக்காமல் ஓட்டினாலும் நஷ்டம். கண்டுபிடிக்காமல் அணைத்து வைத்தாலும் நஷ்டம்.

அணைத்து வைத்தால் என்ன நஷ்டம்?

நம் பக்கத்து லாரிகளில் பெரும்பாலானவற்றில் கேபின் எஞ்சினுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கீழே எஞ்சின் சூடு, மேலே தகரத்தில் வெயில், முன்னால் பெரிய கண்ணாடி. கத்திரி வெயிலில் குண்டூரிலிருந்து மிளகாய் ஏற்றிக்கொண்டு வரும் ஓட்டுநர், பகல் முழுதும் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் போலத்தான். உடம்பு நீர் வற்றுகிறது, தலை கனக்கிறது, கண் சொக்குகிறது. பத்து டன் சரக்கு ஒரு நொடிக் கண்ணயர்வில் பள்ளத்தில் போகும். சரக்குக்கு இன்ஷூரன்ஸ் இருக்கலாம். மனிதருக்கு ஈடு ஏது?

டீசல் கணக்கையும் மறைக்க வேண்டாம். கம்ப்ரஸரைச் சுற்றுவது எஞ்சின்தான். அதற்குக் கொஞ்சம் டீசல் செலவாகத்தான் செய்யும். ஆனால் களைத்துப்போன ஓட்டுநர் வழியில் இரண்டு மணி நேரம் கூடுதலாக நிறுத்துவதும், சரக்கு சந்தை நேரத்துக்கு வந்து சேராமல் போவதும் எந்தக் கணக்கில் எழுதப்படுகின்றன? அவையும் செலவுதானே! நல்ல ஓட்டுநர்கள் கிடைப்பது அரிதாகிவிட்ட காலம் இது. கேபின் நன்றாக இருக்கும் வண்டியைத் தேடித்தான் அவர்கள் போகிறார்கள்.

இன்னொன்று, ஏ.சி.யை மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்திருந்தால் அதுவே கெடும். கம்ப்ரஸருக்குள் இருக்கும் எண்ணெய் கேஸோடு சேர்ந்துதான் சுற்றி வரும். அச்சு வழியே கேஸ் கசியாமல் காக்கும் சீல் அந்த எண்ணெயில் நனைந்திருக்க வேண்டும். ஓடாமல் கிடந்தால் சீல் காய்ந்து கேஸ் கசியத் தொடங்கும். பெல்ட்டைக் கழற்றி மிச்சம் பிடித்தவர் அடுத்த கோடையில் கேஸுக்கும் சீலுக்கும் பணம் கட்டுவார்.

சத்தத்தோடு ஓட்டினால் என்ன நஷ்டம்?

சிலர் இதற்கு நேர்மாறு. “சத்தம்தானே, பழகிப்போகும்” என்று ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். ஆடிக்கொண்டிருக்கும் கம்ப்ரஸர் முதலில் தன் போல்ட்டைத் தளர்த்தும். பிறகு போல்ட் துளையை நீளமாக்கும். பிறகு பெல்ட் நேர்கோட்டிலிருந்து விலகி ஓரம் தேயும். பல புதிய எஞ்சின்களில் ஒரே பட்டை பெல்ட்தான் ஏ.சி., ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் மூன்றையும் சுற்றுகிறது. அது அறுந்தால் ஏ.சி. மட்டும் நிற்பதில்லை, தண்ணீர் சுற்றாமல் எஞ்சின் கொதிக்கும். நடுவழியில் வண்டி நின்றுவிடும்.

கம்ப்ரஸர் உள்ளுக்குள் தேய்ந்து இறுகிப்போனால் அது அதைவிட மோசம். உடைந்த உலோகத் துகள்கள் கேஸோடு சேர்ந்து குழாய் முழுதும் பரவிவிடும். பிறகு கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால் போதாது. குழாய்களைக் கழுவ வேண்டும், ஈரம் உறிஞ்சும் டிரையரை மாற்ற வேண்டும், எக்ஸ்பான்ஷன் வால்வைப் பார்க்க வேண்டும், சில சமயம் கண்டன்ஸரையும் மாற்ற வேண்டிவரும். ஒரு பேரிங் விலையில் முடிந்திருக்க வேண்டியது ஒரு கல்யாணச் செலவாகிவிடும்.

ஓட்டுநரின் காதையும் நாம் நினைக்க வேண்டும். தொழிற்சாலைகளில் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று ஒலிக்கு எல்லை வைத்திருக்கிறார்கள். லாரி கேபினில் இருப்பவர் எட்டு மணி நேரத்தோடு எழுந்து வீட்டுக்குப் போவதில்லை. எஞ்சின் சத்தம், ஏர் ஹாரன் இவற்றோடு ஏ.சி. இரைச்சலும் சேர்ந்தால் காதும் மனமும் ஒருசேரக் களைத்துப்போகும். அவர் ஏ.சி.யை அணைப்பது முதலாளி சொல்லி மட்டுமன்று. பல சமயம் அந்த இரைச்சல் தாங்காமல்தான்.

ஓடும் வண்டியில் குளிர்சாதனம் என்பதே அதிர்வை வென்ற கதை

வீட்டு ஏ.சி. சுவரில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. லாரி ஏ.சி.யோ பள்ளம் மேடுகளில் குதித்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். இது இன்று நேற்றுத் தோன்றிய பிரச்சினை அன்று. 1938 வாக்கில் அமெரிக்காவில் மின்னியாபோலிஸ் நகரில் ஃபிரெடெரிக் ஜோன்ஸ் என்ற கறுப்பின மெக்கானிக், சரக்கு லாரிகளில் பொருத்தும் குளிர்சாதன இயந்திரத்தை உருவாக்கினார். அவர் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர். எல்லாம் கைப்பழக்கத்தில் கற்றவர். அதுவரை லாரியில் ஐஸ்கட்டியை வைத்துத்தான் இறைச்சியையும் காய்கறியையும் அனுப்பினார்கள். இயந்திரம் வைத்துப் பார்த்த முயற்சிகள் சாலையின் ஆட்டத்தில் தோற்றன. ஆட்டத்தைத் தாங்கும்படி கட்டியதில்தான் ஜோன்ஸின் வெற்றி இருந்தது. அவர் பங்குகொண்டு வளர்த்த தெர்மோ கிங் நிறுவனத்தின் இயந்திரங்களை இன்றும் ஐஸ்கிரீம் வண்டிகளிலும் மருந்து வண்டிகளிலும் பார்க்கலாம். அவர் மறைந்து முப்பதாண்டுகள் கழிந்து, 1991இல் அமெரிக்க அரசு அவருக்குத் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வழங்கியது.

நம்மைப் போன்ற மளிகைக்காரர்கள் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். அவர் கதையிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் இதுதான்: ஓடும் வண்டியில் குளிரூட்டுவது பாதி வேலை, அதை ஆடாமல் கட்டுவது மீதி வேலை. நம் பட்டறைகளில் முதல் பாதியைத்தான் பெரும்பாலும் செய்கிறார்கள்.

சத்தம் எங்கிருந்து? ஐந்து நிமிடச் சோதனை

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வண்டியை ஒரு சமதளத்தில் நிறுத்திக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஓட்டுநரும் முதலாளியும் சேர்ந்து கேட்டாலே போதும்.

முதலாவதாக, எஞ்சினை அணைத்துவிட்டுச் சாவியை மட்டும் திருப்பி, புளோயரை ஒன்று, இரண்டு, மூன்று என்று வேகம் கூட்டிப் பாருங்கள். இப்போதே ‘கரகர’ அல்லது ‘டடடட’ என்று கேட்டால் கோளாறு புளோயரில்தான். கம்ப்ரஸரைத் தொடவே வேண்டாம். மளிகைச் சரக்கு ஏற்றும் வண்டிகளில் இது சர்வசாதாரணம். தவிடு, மாவு, மிளகாய்த் தூசு எல்லாம் உள்ளே போய் விசிறி இறக்கையில் ஒரு பக்கமாக அப்பிக்கொள்ளும். எடை ஒரு பக்கம் கூடினால் விசிறி ஆடும். கழற்றிச் சுத்தம் செய்து, காற்று வடிகட்டியையும் தட்டிப் போட்டால் சத்தம் போய்விடும். சில சமயம் உள்ளே ஒரு காய்ந்த இலையோ, டோல் சீட்டோ கூட இருக்கும்!

இரண்டாவதாக, எஞ்சினை ஓட்டுங்கள், ஏ.சி. சுவிட்சைப் போடாதீர்கள். இப்போது ஓர் உறுமல் கேட்கிறதா? ஏ.சி. அணைத்திருந்தாலும் கம்ப்ரஸரின் புல்லி பெல்ட்டோடு சும்மா சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே புல்லி பேரிங் போயிருந்தால் ஏ.சி. போடாதபோதும் சத்தம் வரும். எஞ்சினை அணைத்து, பெல்ட்டை இறக்கிவிட்டு, புல்லியைக் கையால் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். மணல் போட்டு அரைத்தாற்போல் சொரசொரப்பாகச் சுற்றினாலோ, அங்குமிங்கும் ஆடினாலோ பேரிங்தான். வழியில் இருக்கும் மற்றச் சிறு புல்லிகளையும் அப்போதே சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவதாக, ஏ.சி. சுவிட்சைப் போடுங்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அது கிளட்ச் ஒட்டிக்கொள்ளும் சத்தம். அது இயல்பு, பயப்பட வேண்டாம். அந்த நொடியில் பெல்ட் ‘கீச்’சென்று கத்தினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது கம்ப்ரஸருக்கு மிகுந்த பாரம் ஏறுகிறது. ‘டக் டக்’ என்று அடிக்கடி விட்டு விட்டு ஒட்டினால் கேஸ் குறைந்திருக்கக்கூடும். டேஷ்போர்டுக்குப் பின்னால் விடாமல் சீறல் கேட்பதும் அதன் அடையாளமே. எஞ்சினை அணைத்த பிறகு ஓரிரு நிமிடம் கேட்கும் மெல்லிய சீறல் மட்டும் கோளாறன்று. உள்ளிருக்கும் அழுத்தம் சமமாகும் ஓசை அது.

நான்காவதாக, ஏ.சி. ஓடும்போதே ஆக்ஸிலேட்டரை மெதுவாகக் கூட்டுங்கள். சத்தம் எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறினால் கோளாறு பெல்ட், புல்லி, கம்ப்ரஸர் வரிசையில் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் கேபின் நடுங்கி, அதற்கு மேல் போனால் நின்றுவிடுகிறதா? அப்படியானால் ஏதோ ஒரு பிராக்கெட்டோ, குழாயோ, தகடோ அந்த அதிர்வுக்குத் தாளம் போடுகிறது. நின்ற இடத்தில் ஐட்லிங்கில் மட்டும் நடுங்கி, வண்டி நகர்ந்தால் சரியாகிவிட்டால், எஞ்சின் மவுண்டிங் ரப்பரையும் கேபின் மவுண்டிங் ரப்பரையும் பாருங்கள். ஏ.சி.யின் பாரம் ஏறும்போது ஐட்லிங் வேகம் இறங்குகிறது. தேய்ந்த ரப்பர் அந்த நடுக்கத்தை அப்படியே மேலே அனுப்புகிறது. ராஜீவ் காந்தி சதுக்கத்திலும் இந்திரா காந்தி சதுக்கத்திலும் சிக்னலில் நிற்கும்போது நம் ஓட்டுநர்கள் ஏ.சி.யை அணைப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஐந்தாவதாக, நின்றால் சத்தமே இல்லை, சாலையில் ஓடினால் மட்டும் கடகடக்கிறது என்றால், குழாய்களையும் கண்டன்ஸரையும் உறைத் தகடுகளையும் ஒவ்வொன்றாகக் கையால் அசைத்துப் பாருங்கள். எதுவோ ஒன்று தளர்ந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. விசிறியும் பெல்ட்டும் ஓடும்போது யாரும் கையையோ துண்டையோ அருகில் கொண்டுபோகக் கூடாது. கையால் தொட்டுப் பார்ப்பதெல்லாம் எஞ்சினை அணைத்து, சூடு தணிந்த பிறகுதான். கேஸ் குழாயின் நட்டை நாமாகத் திருகவே கூடாது. சீறி வரும் கேஸ் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

நம் ஊருக்கென்று ஒரு வியாதி

புதுச்சேரிக்காரர்களுக்கு மற்ற ஊர்களில் இல்லாத ஒரு தொல்லை உண்டு. அது கடற்காற்று. கடலோரச் சாலையிலும் ஊருக்குள்ளும் நிற்கும் வண்டிகளில் உப்பு படிகிறது. கண்டன்ஸரின் மெல்லிய அலுமினியத் தகடுகளை அது அரித்துப் பொடியாக்குகிறது. பிராக்கெட் போல்ட்டுகளில் துரு ஏறி, இறுக்கமாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டே உள்ளுக்குள் தேய்ந்துபோகிறது.

கண்டன்ஸர் அடைத்துக்கொண்டால் சூடு வெளியேறாது. சூடு வெளியேறாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் கம்ப்ரஸர் திணறும், பெல்ட் கத்தும், கேபின் நடுங்கும். இப்படிப்பட்ட நிலையில் ‘குளிர் போதவில்லை’ என்று மேலும் கேஸ் ஏற்றுகிறார்கள். அழுத்தம் இன்னும் கூடுகிறது, சத்தமும் கூடுகிறது. வேண்டியதெல்லாம் ஒரு குடம் நல்ல தண்ணீர். அதையும் மெதுவாக ஊற்ற வேண்டும். வாட்டர் சர்வீஸில் பீய்ச்சி அடிக்கும் தண்ணீரை நேரே கண்டன்ஸரில் காட்டினால் தகடுகள் மடங்கி அடைத்துக்கொள்ளும்.

எங்கள் லாரி ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். பழைய வண்டி, வெளியில் வாங்கிப் பொருத்திய ஏ.சி. முருங்கப்பாக்கம் தாண்டியதும் கேபினே கழன்றுவிடும்போல் ஆடுகிறது என்று ஓட்டுநர் சொன்னார். ஒரு பட்டறையில் காட்டியதும், “கம்ப்ரஸர் போச்சு முதலாளி, மாத்திடலாம்” என்றார்கள். விலையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். காசு கொடுப்பதற்கு முன் இன்னொருவரிடம் காட்டுவது வியாபாரியின் வழக்கம் அல்லவா? வயதான மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒரு நீள இரும்பு ஸ்கேலை இரண்டு புல்லிகளின் முகத்திலும் சேர்த்து வைத்துப் பார்த்தார். கம்ப்ரஸர் புல்லி நூல் பிடித்தாற்போல் நிற்காமல் வெளியே தள்ளி நின்றது. பிராக்கெட் மெல்லிய தகட்டில் வெல்டிங் செய்தது. போல்ட் துளை நீண்டு, துரு கொட்டிக்கொண்டிருந்தது. “கம்ப்ரஸர் நல்லாத்தாங்க இருக்கு. அது உட்கார்ந்திருக்கிற பலகைதான் சரியில்ல” என்றார். கனமான தகட்டில் புது பிராக்கெட், பின்பக்கம் ஒரு தாங்கு பட்டை, புதிய போல்ட், புதிய பெல்ட். அவ்வளவுதான். அதே கம்ப்ரஸர் இன்றும் ஓடுகிறது.

செய்ய வேண்டியதும் செய்யக்கூடாததும்

ஓட்டுநர்களும் சில பட்டறைகளும் நல்லெண்ணத்தோடு செய்யும் சில கைவைத்தியங்கள் நோயைவிடக் கொடியவை. அவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

கத்தும் பெல்ட்டில் எண்ணெயோ, கிரீஸோ, சோப்போ தடவாதீர்கள். ஒரு நாள் சத்தம் நிற்கும். பிறகு ரப்பர் ஊறிப் பெல்ட் நழுவும். ஓடும் பெல்ட்டின் உட்பக்கத்தில் தள்ளி நின்று கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது சோதனைக்கு நல்ல வழி. சத்தம் சற்று நின்று மறுபடி வந்தால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது.

தளர்ந்த பெல்ட்டைக் கையில் பலம் இருக்கிறது என்று அளவுக்கு மேல் இறுக்காதீர்கள். கம்ப்ரஸர், ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் ஆகியவற்றின் பேரிங்குகளை அது தின்றுவிடும். கம்பெனிப் புத்தகத்தில் ஓர் அளவு இருக்கிறது, அதுதான் அளவு. தானே இறுக்கும் டென்ஷனர் உள்ள வண்டியில் அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் பெல்ட் துள்ளும். அப்போது டென்ஷனரைத்தான் மாற்ற வேண்டும்.

அதிர்வுக்கு ரப்பர் மருந்து என்பது உண்மை. ஆனால் எங்கே வைப்பது என்பது முக்கியம். கம்ப்ரஸருக்கு அடியில் டயர்த் துண்டை வெட்டி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். பெல்ட் இழுக்கும்போது ரப்பர் அமுங்கி, புல்லி சாய்ந்து, புதிய தொல்லை தொடங்கும். கம்ப்ரஸர் கெட்டியாகத்தான் உட்கார வேண்டும். ரப்பர் வைக்க வேண்டிய இடங்கள் வேறு: குழாய்களைப் பிடிக்கும் கிளிப்புகள், குழாய் தகட்டைத் துளைத்துப் போகும் துவாரங்கள், கண்டன்ஸரும் புளோயரும் உட்காரும் இடங்கள். குழாய் சேஸிஸில் உரசிக்கொண்டு போனால், கம்ப்ரஸரின் துடிப்பு முழுதும் தகடு வழியே காதுக்கு வந்துசேரும். குழாயை விறைப்பாக இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் தொய்வு விடுவதும் அவசியம்.

கேஸ் குறைந்தால் கசிவைக் கண்டுபிடிக்காமல் நிரப்பிக்கொண்டே இருக்காதீர்கள். கேஸ் தானாகத் தீர்ந்துபோகும் பொருளன்று. எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம். குத்துமதிப்பாக ஏற்றுவதும் கூடாது. நம் கடையில் எடை போடாமல் சர்க்கரை கொடுப்போமா? கேஸையும் எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். வண்டியில் ஒட்டியிருக்கும் சீட்டில் கேஸின் பெயரும் எத்தனை கிராம் என்பதும் எழுதியிருக்கும். அதைக் காட்டி, அந்த அளவே ஏற்றச் சொல்லுங்கள்.

புது வண்டி வாங்குபவர்கள், சாவி வாங்கும் முன் ஷோரூம் வாசலிலேயே மேலே சொன்ன சோதனையைச் செய்துவிடலாம். வாரண்டி இருக்கும் வண்டியின் ஏ.சி.யை வெளிப் பட்டறையில் திறக்காதீர்கள். சத்தம் விட்டு விட்டு வருகிறது, சர்வீஸுக்குப் போனால் வருவதில்லை என்பது பொதுவான புகார். இதற்கு ஓட்டுநர்களின் செல்போனே போதும். சத்தம் வரும்போது வண்டியை ஓரம் கட்டி, ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள். சர்வீஸில் அதைக் கேட்கவைத்து, புகாரை ஜாப் கார்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு வாரண்டிக்கு நிற்காது.

ஊராரின் தூக்கம்

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பெரிய மார்க்கெட்டைச் சுற்றியுள்ள நம் வீதிகள் லாரிக்காகப் போடப்பட்டவை அல்ல. வீட்டுச் சுவரும் கடைச் சுவரும் ஒட்டியிருக்கும் பழைய ஊர் இது. பின்னிரவில் வந்து நிற்கும் லாரியில், லோடு இறங்கும்வரை ஓட்டுநர் ஏ.சி. போட்டுக்கொண்டு தூங்குகிறார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. நமக்குப் பழகிய சத்தம். ஆனால் எதிர்வீட்டுக் கைக்குழந்தைக்குப் பழகுமா? 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வணிகப் பகுதியில் 55 டெசிபல், குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல் என்பதே எல்லை. வியாபாரிகளால் தொல்லை என்ற பேச்சுக்கு நாம் இடம் கொடுக்கக் கூடாது.

மூடிய கேபினில் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவது ஓட்டுநரின் உயிருக்கும் நல்லதன்று. புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் நச்சுப்புகை உள்ளே வரலாம். லோடு தயாராகும்வரை வண்டி மேட்டுப்பாளையம் கனரக வாகன முனையத்தில் நின்று, நேரம் பார்த்து ஊருக்குள் வருவதே முறை. கடையின் பின்கட்டில் ஒரு விசிறியும் ஒரு பாயும் போட்டுக் கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கலாம். தண்ணீரும் கழிப்பிடமும் கொடுத்தால் இன்னும் நல்லது.

சங்கத்தார் கவனத்துக்கு

இவ்வளவும் சொல்லிவிட்டு, செய்ய வேண்டியதைச் சொல்லாமல் முடிப்பது முறையாகாது. என் சிற்றறிவுக்கு எட்டிய யோசனைகள் மூன்று.

ஒன்று: ஆண்டுக்கு இருமுறை, கோடைக்கு முன் மாசி பங்குனியிலும், மழை முடிந்து தை மாதத்திலும், நம் சங்கம் ஒரு சோதனை நாள் வைக்கலாம். தொழிற்பயிற்சி நிலையங்களில் குளிர்சாதனப் பிரிவு படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் நம் ஊரில் இருக்கிறார்கள். அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரோடு அவர்களையும் சேர்த்துவிட்டால் ஒரே நாளில் பல வண்டிகளைப் பார்த்துவிடலாம். வண்டிக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை உறுப்பினர்கள் கொடுத்துவிடலாம்.

இரண்டு: லாரியை வாடகைக்கு அமர்த்தும்போது டயரையும் தார்ப்பாயையும் பார்க்கிறோம். இனி, “ஏ.சி. ஓடுகிறதா?” என்று ஒரு கேள்வியும் கேட்போம். பெரிய வியாபாரிகள் பத்துப் பேர் கேட்கத் தொடங்கினால் போதும், பெல்ட்டைக் கழற்றி வைக்கும் பழக்கம் தானே குறையும். வெயிலில் வெந்து வரும் ஓட்டுநரிடம் நம் சரக்கை ஒப்படைக்க நமக்கு மனம் வரக்கூடாது.

மூன்று: சொந்த லாரி வைத்திருப்பவர்கள், டீசல் எழுதும் நோட்டிலேயே சத்தத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். என்ன சத்தம், எப்போது, எந்த வேகத்தில், ஏ.சி. போட்டபோதா அணைத்தபோதா என்று ஓட்டுநர் எழுதட்டும். எழுத வராவிட்டால் சொல்லட்டும், நாம் எழுதிக்கொள்வோம். சத்தத்தை முதலில் கேட்பவர் அவர்தான். “சும்மா ஏதாவது சொல்லிக்கொண்டிருக்காதே” என்று ஒருமுறை வாயை அடைத்துவிட்டால், அடுத்த முறை அவர் சொல்லமாட்டார். பெல்ட் அறுந்த பிறகு மரக்காணத்திலிருந்து போன்தான் வரும்.

நாளைக்குக் கடை திறக்கும்போது உங்கள் வாசலில் ஒரு லாரி நிற்கும். ஓட்டுநரைக் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, “தம்பி, ஏ.சி. எப்படி ஓடுது? ஏதாவது சத்தம் வருதா?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்ல நிறைய வைத்திருப்பார்.